கீசர் ஒழுகுது, பிளம்பிங் பாஸ் நாளைக்குத்தான் வருவாராம்: கரிச்சட்டியை அறைக்குள் வைக்கலாமா?

கேள்வி
2026 ஜனவரி 13, இரவு 8.10

நுவரெலியாவில் வாடகை வீடு. சாயங்காலத்திலிருந்து கீசரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. இப்போது கீசருக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பாத்ரூம் தரை முழுக்க ஈரம். கரண்ட் இல்லாததால் ரூம் ஹீட்டரும் இல்லை. பைப் வேலை செய்யும் பாஸுக்கு அழைத்தேன், நாளைக்கு வருகிறேன் என்றார். எந்த நாளைக்கு என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டில் ஐந்து மாதப் பிள்ளையும் மாமியாரும் இருக்கிறார்கள். தணல் போட்ட கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்து, நாங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அப்படித்தான் இருந்தோம் என்கிறார் மாமியார். வைக்கலாமா? கீசரை என்ன செய்வது?

ஜனவரி 13, இரவு 8.25

வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தங்கச்சி, கீசருக்குக் குளிர் தண்ணீர் வரும் பைப்பில் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பிறகு கீசரின் சுவிட்சை நிறுத்துங்கள். கீசரைக் கழற்ற வேண்டாம், ஸ்க்ரூட்ரைவரை யாரும் கையில் எடுக்க வேண்டாம். கரிச்சட்டி வெளியே இருக்கட்டும். பிள்ளையும் பெரியவரும் நீங்களும் வீட்டிலேயே சின்ன அறைக்குப் போங்கள்.

ஜனவரி 13, இரவு 8.41

மேலே எழுதியதில் வரிசை பிழை. கீழே ஒருவர் கத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. முதலில் கரண்ட், பிறகுதான் தண்ணீர். ஈரத் தரையில் நின்றுகொண்டு கீசர் பக்கம் கையை நீட்டுவது எனக்கே பழகிப்போன முட்டாள்தனம், அதனால்தான் அப்படி எழுதிவிட்டேன்.

காய்ந்த செருப்போடு, காய்ந்த கையோடு மெயின் போர்டுக்குப் போங்கள். மெயினை இறக்கிவிட்டு, கீசருக்கென்று இருக்கும் பிரேக்கரையும் கீழே இறக்குங்கள். அதன் பிறகு வால்வு. எல்லாம் முடிந்தபின், போர்டு நனையாமல் இருந்தால் மட்டும், மெயினையும் ட்ரிப் சுவிட்சையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். விழாமல் நின்றால் கோளாறு கீசரில்தான், வீட்டின் மற்ற கரண்ட் உங்களுக்குக் கிடைத்துவிடும், ஹீட்டரையும் போடலாம். மறுபடி விழுந்தால் அதோடு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜனவரி 13, இரவு 10.30

தூக்கம் வரவில்லை. கரிச்சட்டி என்றதும் ஏன் அப்படி வெடுக்கென்று சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பத்துப் பதினொரு வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் லயம். ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்), பின்னால் ஒட்டுக் குசினி (சமையலறை). மண்ணெண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, ஓரத்தில் ஆணியால் துளை போட்டு, அடியில் சாம்பல் பரப்பி, ராத்திரிச் சமையல் முடிந்ததும் அடுப்புத் தணலை அப்பாயி (அப்பாவின் அம்மா) அதில் அள்ளிப்போடுவார். கவ்வாத்து மிலார், அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, எரிந்த தணல். புகையே இருக்காது. டின்னைச் சுற்றி ஏழு பேர் கால் நீட்டிப் படுப்போம். கூரைத் தகரமும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. அதை அடைக்க அப்பாயி ஒருநாளும் விட்டதில்லை. "அது கெடக்கட்டும்" என்பார், ஏன் என்று சொல்லமாட்டார்.

ஒரு தை மாதம் கொழும்பிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கொழும்புக் குளிர் பழகியவருக்கு எங்கள் குளிர் எப்படித் தாங்கும்? அப்பாயி தூங்கியதும் கொழுந்துச் சாக்கு ஒன்றைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்துவிட்டார். நடுச்சாமத்தில் தங்கச்சி வாந்தி எடுத்தாள். நான் எழுந்து கதவுக்குப் போனேன். கொண்டி கண் முன்னால் இருக்கிறது, கை தூக்க வரவில்லை. கொண்டியையே பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்பா எப்படியோ கதவைத் தள்ளித் திறந்தார். விடியும்வரை எல்லோரும் இஸ்தோப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

காலையில் லயமே கூடித் தீர்ப்புச் சொன்னது: டின் மீன். ராத்திரி சாப்பிட்ட டின் மீன் கெட்டுப்போயிருந்ததாம். அப்பாயி கடைக்காரரோடு சண்டைக்கே போனார். எங்கள் வீட்டில் டின் மீன் நுழைய அடுத்த தீபாவளி வரை ஆனது. நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஏ எல் (உயர்தரம்) படிக்கும்போது வாத்தியார் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்று பலகையில் எழுதினார். காற்றுப் போதாமல் தணல் எரியும்போது வரும் வாயு. மணம் கிடையாது, நிறம் கிடையாது, இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தலைவலி, வாந்தி, கால் சோர்வு, தூக்கம் என்று சொல்லிக்கொண்டே போனார். டின் மீன் அன்றைக்குத்தான் விடுதலையானது.

புகை இல்லாத தணல் என்றால் பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய பிழை. புகைந்தால் இருமி எழுந்தாவது வெளியே வருவோம்.

ஜனவரி 14, காலை 6.50

மேலே கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார்: கீசர் பிரேக்கரை இறக்கியதும் ட்ரிப் சுவிட்ச் விழாமல் நின்றதாம், ஹீட்டர் வேலை செய்ததாம், மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தார்களாம். மாமியார் இன்னும் கோபமாம். கோபம் ஆறிவிடும்.

வால்வுதான் முழுதாக மூடவில்லை, வாளி வைத்திருக்கிறோம் என்கிறார். அப்படியானால் வீட்டுக்கே வரும் மெயின் வால்வைப் பாருங்கள், பெரும்பாலும் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதில் எனக்கு ஒரு சொந்த அவமானம் உண்டு. போன வருடம் குசினிப் பைப் உடைந்த அன்று என் வீட்டு மெயின் வால்வு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் குடியிருந்த வீடு. டார்ச்சோடு மழையில் முற்றத்தைச் சுற்றினேன். கடைசியில் வீட்டுக்காரர் அதன் மேலேயே டேலியாப் பூச்சட்டியை வைத்திருந்தது தெரிந்தது. சட்டியை நகர்த்தினால் பாதிச் சக்கரம் மண்ணுக்குள். தேங்காய்ச் சிரட்டையால் தோண்டி எடுத்தேன். பச்சை பிடித்துப்போய் அசையவே இல்லை. அந்த இடத்தில்தான் எல்லோரும் ஸ்பேனரைப் போட்டு முறுக்குவார்கள், நடுத்தண்டு முறிந்து போகும், அப்புறம் தண்ணீரை நிறுத்த வழியே இருக்காது. நான் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, அரைச் சுற்று மூடி, கால் சுற்றுத் திறந்து, மறுபடி அரைச் சுற்று மூடி என்று இருபது நிமிடம் கொஞ்சிக்கொண்டிருந்தேன். மூடியது. இப்போது சம்பளநாளுக்குச் சம்பளநாள் ஒரு தடவை மூடித் திறக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான் என்னவோ பூஜை செய்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஜனவரி 14, காலை 7.05

பைப் வெடிப்புக்கு இன்னொன்று. வால்வு மூடியும் கசிந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்து, வெடிப்புக்கு ஒரு சாண் முன்னாலிருந்து சுற்றிக்கொண்டு வாருங்கள். மேலே கட்டுக்கம்பி. பாஸ் வரும்வரை தாங்கும். என் வீட்டில் பாஸ் வந்து பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று போய்விட்டார்.

ஜனவரி 15

கீசரில் சொட்டுச் சொட்டாக வருவதெல்லாம் கோளாறா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. சூடானால் தண்ணீர் பெருக்கும். மிஞ்சும் அழுத்தத்தை விடுவதற்கென்றே கீசரில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. சூடாகும் நேரத்தில் அதில் கொஞ்சம் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால், அல்லது ஆவியோடு சீறினால், பிரேக்கரை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சொட்டுகிறதே என்று அந்த ஓட்டையைக் கட்டையால் அடைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தம் வெளியேற வழி இல்லாத கீசர் ஒரு குண்டு. அந்த வீட்டில் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 18

இழை திசைமாறுகிறது, மாறட்டும். அட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: எங்களுக்குக் கீசரும் இல்லை ஒன்றும் இல்லை, மூன்று நாளாகத் தண்ணீரே இல்லை, தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லியாகிவிட்டது, வருகிறார்கள் வருகிறார்கள் என்கிறார்கள்.

வெளிநாட்டு ஆலோசனைகளைப் படித்தால் பைப்புக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும், துணி சுற்றுங்கள் என்று இருக்கிறது. நமக்குத் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்குத்தான் பனி. நம் பைப்பை உடைப்பது பன்றி. காட்டுப்பன்றி கிழங்கு தேடிக் கிளறும், கறுப்புப் பைப் பல்லில் படும், அவ்வளவுதான். அல்லது மேட்டிலிருந்து கல் உருளும். அல்லது தோட்டத்தின் மேல் கணக்கு (பிரிவு) லயத்துக்காரர்கள் லைனைத் தங்கள் பக்கம் திருப்பியிருப்பார்கள். கோபப்படாதீர்கள், நாங்களும் அதைச் செய்திருக்கிறோம்.

ஆனால் ஆளை அனுப்பி லைனைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வராதது பைப்பிலா, ஊற்றிலேயேவா? பைப் உடைந்தால், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். பீலியே திடீரென நின்றிருந்தால், அல்லது நேற்றுவரை தெளிவாக வந்தது இன்று மழை பெரிதாக இல்லாமலே பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால், அல்லது இதுவரை ஈரமே இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பியிருந்தால், பிளம்பிங் பாஸுக்கு அங்கே வேலை இல்லை. மேலே மலையைப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, மரமோ கரண்ட் கம்பமோ சாய்ந்திருக்கிறதா, கதவு திடீரென நிலையில் இறுகுகிறதா? இவை மண் நகரும் அடையாளங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவர்களுடைய எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போகும். சிவப்பு என்றால் வெளியேறுங்கள் என்று பொருள், யோசியுங்கள் என்று அல்ல. இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம்.

ஜனவரி 18, இரவு

அட்டன்காரர் பதில்: பீலி ஓடுகிறது, மலையும் சும்மா இருக்கிறது, பன்றிதான். நிம்மதி. பன்றி என்ற செய்திக்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 19

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பகுதியில் குழாய் ஒன்பது நாள் நின்றது. ரோட்டும் இல்லை, கரண்டும் இல்லை. வீட்டுக்குள்ளேயே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கீசருக்குள் ஐம்பது லீட்டர்! பிரேக்கரை இறக்கிவிட்டு, நன்றாக ஆறவிட்டு, உள்ளே வரும் பைப்பைக் கழற்றி அதன் வழியே பிடிக்கலாம். சூட்டோடு பிடித்தால் கை வெந்துவிடும். காலியான கீசரைத் தண்ணீர் நிரம்பும்வரை போடவே கூடாது, உள்ளே இருக்கும் கம்பி வெறுமனே காய்ந்து எரிந்துபோகும். கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் என் மனைவி எல்லாச் சுவிட்சையும் போட்டார், அதில் எங்கள் கீசரும் போனது. அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கக்கூஸ் டேங்கில் இருப்பது கக்கூசுக்கே. கூரைத் தண்ணீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு, தகரம் கழுவப்பட்ட பிறகு பிடிக்கலாம். கலங்கிய தண்ணீரை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் பழைய சேலையை நாலாக மடித்து வடித்து, பிறகு கொதிக்கவைக்கவேண்டும். வடித்ததோடு விடாதீர்கள். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வயிற்றுக்குத் தெரியாது.

ஜனவரி 20

எவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும் என்று கேட்டவருக்கு: கீழ்நாட்டில் குமிழ் பொங்கி ஒரு நிமிடம் போதும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் என்பார்கள், ஏனென்றால் உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியா 1868 மீட்டர், இங்கே கிட்டத்தட்ட 94 பாகையிலேயே பொங்கிவிடும். இரண்டாயிரத்துக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் மீட்டர் இருக்கிறதே என்று கணக்குப் பார்க்காமல் மூன்று நிமிடமே விடுங்கள். கொழும்பிலிருந்து மருமகளாக வந்தவர்களுக்கு இங்கே பருப்பு வேகாததற்கும் இதுதான் காரணம், மாமியார்மார் கவனிக்கவும்.

ஜனவரி 22

கரிச்சட்டி கூடாது என்றால் வேறு என்ன வழி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயம்.

குளிர் மேலிருந்து வருவதாக நினைத்துக் கம்பளிமேல் கம்பளி போடுகிறோம். சீமெந்துத் தரைதான் நம்மை உறிஞ்சுகிறது. அப்பாயி இருந்த இரண்டு கம்பளியில் நல்லதைக் கீழே விரித்துக் கிழிந்ததை மேலே போர்த்துவார், சின்ன வயதில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கீழே சாக்கு, அதன் மேல் காட்போட் பெட்டியைப் பிரித்து விரித்து, அதன் மேல் பாய், பிறகு கம்பளி. எல்லோரும் ஒரே அறையில். தொப்பியும் காலுறையும். வெந்நீர்ப் பை இருந்தால் துணியில் சுற்றிப் பாயில் முதலிலேயே வைத்துச் சூடாக்குங்கள். பிள்ளையைப் படுக்கவைக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள். சாராயப் போத்தலில் கொதிதண்ணி ஊற்றாதீர்கள், அடி கழன்றுவிடும். பிள்ளையின் கையும் காலும் சில்லென்று இருப்பது சாதாரணம். நெஞ்சிலும் பிடரியிலும் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் குளிர்ந்து, பிள்ளை சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தால் அம்புலன்ஸுக்கு, 1990க்கு, அடியுங்கள். காத்திருக்கவேண்டாம்.

போத்தலுக்குள் ஏற்கனவே இருப்பதைக் குடித்தால் என்ன என்று ஒரு நண்பர். சூடு ஏறுவதுபோல இருக்கும் அண்ணே. அது உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போகிற சூடு.

ஜனவரி 25

கேஸ். விடியற்காலையில் அடுப்பு மெழுகுவர்த்திபோல எரிகிறது, சிலிண்டரில் இன்னும் பாரம் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டவருக்கு: உள்ளே இருப்பது திரவம், அது ஆவியானால்தான் எரியும். அதில் இருக்கும் பியூட்டேன், சூடு பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனால், ஆவியாகச் சோம்பல்படும். சிலிண்டர் ராத்திரி முழுக்க வெளியே கிடந்தால் இப்படித்தான். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஒரு துணியில் நனைத்துப் போர்த்துங்கள், கொஞ்ச நேரத்தில் சரியாகும். தணல் பக்கத்தில் வைப்பது, படுக்கவைத்து உருட்டுவது இரண்டும் வேண்டாம். மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடிக் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். அது காற்றைவிடப் பாரம், தரையோடு தேங்கும், ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது.

பிப்ரவரி 2

முன்னால் எழுதியதையெல்லாம் திருப்பிப் படித்தேன். பழைய ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல எழுதியிருக்கிறேன், அது சரியில்லை. அந்த மாமியார் பொய் சொல்லவில்லை. அவர்கள் கரிச்சட்டியோடு படுத்தார்கள், காலையில் எழுந்தார்கள். ஆனால் அந்த லயத்தில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஆகாயம் தெரியும். கதவுக்குக் கீழே பூனை வரும். ஒழுகுகிற கூரைக்காக எத்தனை மனு எழுதினோம், அந்த ஓட்டைதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறது. இப்போது சீலிங் அடித்தாயிற்று, கண்ணாடி ஜன்னல் போட்டாயிற்று, கதவடியில் ரப்பர் வைத்தாயிற்று. வீடு மாறிவிட்டது, சட்டி மாறவில்லை. அப்பாயி இருந்தால் புது வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவர் உச்சியைத்தான் பார்ப்பார்.

ஜெனரேட்டரை இஸ்தோப்பில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும், அதன் புகையிலும் அதே வாயுதான். டித்வா நேரத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அப்படி வைத்திருந்தார்கள், சத்தம் போட்டுத் தள்ளிவைக்கச் செய்தேன். இன்னும் ஒரு வீட்டில் என்னோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 5

கேள்வி கேட்ட தங்கச்சியிடமிருந்து: பாஸ் நான்காம் நாள் வந்தார். தொட்டியே துருப்பிடித்து ஓட்டை, புதுக் கீசர்தான். யார் வால்வை மூடியது என்று கேட்டாராம். மாமியார் மூடினார் என்றதும், ஆத்தா என்னோடு வேலைக்கு வருகிறீர்களா என்றாராம். கோபம் போய்விட்டதாம்.

பிப்ரவரி 9

அம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார், கூரை மாற்றிய லயத்தில். ஒரு வாரமாகத் தினமும் போனில் இதே பேச்சு. கரிச்சட்டியை வெளியே வை என்றால், உனக்கென்ன தெரியும் என்பார். நேற்று டின் மீன் கதையை எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். கடைக்காரர் செத்துப் பதினைந்து வருடம்.

சட்டி இப்போது இஸ்தோப்பில் இருக்கிறதாம். நாய்தான் சுகமாகக் குளிர் காய்கிறதாம்.